யாருக்குப் பெரிய எழுத்து?

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் ஆங்கில நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். இங்கே புனேயில் நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு பத்தி முழுவதையும் சின்ன எழுத்தில் கொடுத்துவிட்டு, எங்கெல்லாம் கேப்பிடல் வரவேண்டுமோ அங்கெல்லாம் போட்டுத் திருப்பி எழுது என்று வீட்டுப்பாடம். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள், ஒன்றைத் தவிர. மரத்துக்குச் சின்ன எழுத்து. மாமரத்துக்குப் பெரிய எழுத்து.

"இது ஏன்டா கண்ணு கேப்பிடல்?"

"மரம் பொதுப்பெயர், மா சிறப்புப்பெயர். நீங்கதானேப்பா தமிழ்ப் புஸ்தகத்துல சொல்லிக் குடுத்தீங்க?"

மாட்டிக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நன்னூல் வழி வந்த நம் பள்ளி இலக்கணத்தில் மரம் இடுகுறிப் பொதுப்பெயர், மா, பனை எல்லாம் இடுகுறிச் சிறப்புப்பெயர். ஆனால் அந்தச் 'சிறப்பு' வேறு. ஒரு பெரிய கூட்டத்துக்குள் ஒரு வகையைப் பிரித்துச் சொல்வது அது. ஆங்கிலத்தில் கேப்பிடல் வாங்கும் பெயர் ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு ஊருக்கு, ஒரே ஒரு ஆற்றுக்கு என்று வைத்த பெயர். மாமரம் கோடிக்கணக்கில் இருக்கிறது. காவிரி ஒன்றுதான். தமிழில் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற சொல் இயற்பெயர். தொல்காப்பியமே இயற்பெயரைத் தனியாகப் பிரித்துப் புணர்ச்சி விதி சொல்கிறது. சாத்தன் என்ற பெயரோடு தந்தை சேர்ந்தால் சாத்தந்தை, ஆதனோடு சேர்ந்தால் ஆந்தை என்று. ஆக, பொதுப்பெயருக்கும் ஆள்பெயருக்கும் வித்தியாசம் நம்மவர்களுக்கு அப்போதே தெரியும். அதை எழுத்தின் அளவில் காட்டவில்லை, அவ்வளவுதான். (வெளியூரில் பிள்ளைகளுக்கு இரண்டு மொழி இலக்கணத்தையும் வீட்டில் சொல்லித் தருகிற பெற்றோர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். குழப்பம் கட்டாயம் வரும்.)

அடுத்த கேள்வி உடனே வந்தது. "தமிழ்ல கேப்பிடல் இல்ல. ஹிந்தியில இல்ல. மராத்தியில இல்ல. இங்கிலீஷ்க்கு மட்டும் எதுக்குப்பா?"

மூன்றாவதாகவும் ஒரு கேள்வி கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதுதான் என்னை இவ்வளவு தூரம் எழுத வைத்தது.

உலகத்தில் இருக்கும் எழுத்துமுறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே கிடையாது. தமிழ், தேவநாகரி, அரபி, ஹீப்ரு, சீனம், தாய் எதற்கும் இல்லை. லத்தீன், கிரேக்கம், ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக், ஆர்மீனியன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்குத்தான் உண்டு. அந்த லத்தீன் எழுத்துக்கே ஆரம்பத்தில் கிடையாது. ரோமர்களின் கல்வெட்டுகளில் இருப்பது இன்று நாம் கேப்பிடல் என்று சொல்லும் எழுத்து மட்டும்தான். கி.பி. 113ல் ரோமில் நிறுத்திய டிராஜன் தூணின் அடியில் இருக்கும் கல்வெட்டு உலகப் புகழ் பெற்றது. இன்றைக்கும் எழுத்துரு வடிவமைப்பவர்கள் அதைப் பார்த்துப் படிக்கிறார்கள். அதில் பேரரசரின் பெயருக்கென்று தனி வகை எழுத்துக் கிடையாது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே எழுத்துத்தான்.

சின்ன எழுத்துகள் வந்தது கல்லிலிருந்து இல்லை, தோலிலிருந்து. கல்லில் உளி நேர்கோடாக வெட்டும். தோலில் இறகுப் பேனா வளைந்து வளைந்து ஓடும். வேகமாகவும் இடத்தை மிச்சப்படுத்தியும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு புத்தகத்துக்கு எத்தனையோ ஆடு கன்றுகளின் தோல் தேவை. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் சார்லமேன் மன்னர் ஆட்சியில், ஊருக்கு ஒரு மாதிரி இருந்த கையெழுத்துகளை ஒழுங்குபடுத்தி, உருண்டையாக, தெளிவாக ஒரு சின்ன எழுத்து வகை பரவியது. இன்று நாம் ஆங்கிலத்தில் படிக்கும் சின்ன எழுத்துகளின் தாத்தா அதுதான். மன்னரின் அவையில் கல்வி வேலைகளைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் அல்குவின், இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்காரர். பழைய பெரிய எழுத்துகளை அவர்கள் தூக்கி எறியவில்லை. தலைப்புக்கும் வாக்கியத்தின் ஆரம்பத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். அதாவது பெரிய எழுத்தின் முதல் வேலை 'இங்கே ஒன்று ஆரம்பிக்கிறது' என்று காட்டுவது. ஆள்பெயர், ஊர்ப்பெயர் கணக்கெல்லாம் பிறகு வந்தது.

அச்சு வந்ததும் இது மரப்பெட்டிக்குள் போனது. வில்லியம் காக்ஸ்டன் 1476ல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். இங்கிலாந்தில் அதுதான் முதல். ஈய எழுத்துகளைப் போட்டு வைக்கச் சின்னச் சின்ன அறைகள் உள்ள தட்டுப் பெட்டிகள் உண்டு. பிற்பாடு அச்சுக் கோப்பவர்கள் அதை இரண்டாக வைத்துக்கொண்டார்கள். கேப்பிடல் எழுத்துகள் மேல் பெட்டியில், அடிக்கடி தேவைப்படும் சின்ன எழுத்துகள் கைக்குப் பக்கமாகக் கீழ்ப் பெட்டியில். பாஸ்வேர்டில் ஒரு அப்பர் கேஸ் எழுத்தாவது வேண்டும் என்று கம்ப்யூட்டர் இன்று நம்மைப் படுத்துகிறதே, அந்த 'கேஸ்' இந்த மரப்பெட்டிதான். காக்ஸ்டனுக்கு 102 வருடம் கழித்து, 1578ல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சாகிவிட்டது. ஆனால் நமக்கு மேல் பெட்டி எழுத்து என்று ஒரு கவலை இருந்ததில்லை.

இங்கிலாந்தில் அடுத்த முந்நூறு வருடம் ஒரே கூத்து. எதற்குக் கேப்பிடல் போடுவது என்று உறுதியான விதி கிடையாது. எழுதுபவருக்கு எது முக்கியமாகப் படுகிறதோ, கோப்பவருக்கு எது கௌரவமாகத் தெரிகிறதோ, அதற்கெல்லாம் பெரிய எழுத்து. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623ல் போட்ட பெரிய பதிப்பைப் பார்த்தால், சாதாரணப் பெயர்ச்சொற்கள் பலவற்றுக்குக் கேப்பிடல் இருக்கும், அதே மாதிரியான வேறு சொற்களுக்கு இருக்காது. 1700 வாக்கில் இது உச்சத்துக்குப் போனது. மேசை, நாற்காலி, நாய், நரி என்று கிட்டத்தட்ட எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கேப்பிடல் போட்டு அச்சடித்தார்கள். என் மகள் 1700ல் லண்டனில் படித்திருந்தால் மாமரத்துக்கு முழு மார்க் வாங்கியிருப்பாள். மரத்துக்குத்தான் மார்க் போயிருக்கும்!

18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அலை அப்படியே திரும்பியது. பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து முளைத்திருப்பது கண்ணுக்கு உறுத்துகிறது, வரி சீராக இருக்கட்டும் என்று அச்சகத்துக்காரர்கள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அடிப்படையில் ஒரு அச்சுத் தொழிலாளி. 1789 டிசம்பரில், அகராதி போட்ட நோவா வெப்ஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பெல்லாம் பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் கேப்பிடல் போடுவோம், படிக்க வசதியாக இருந்தது, இந்தக் காலத்து அச்சகத்துக்காரர்கள் அழகு பார்க்கிறேன் என்று கெடுக்கிறார்கள் என்று அதில் குறைப்பட்டுக்கொண்டார். 'எங்க காலத்துல எல்லாம்...' என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்த மாறுகிற காலத்தில் எழுதப்பட்டவைதான் அமெரிக்காவின் பெரிய ஆவணங்கள். 1776 சுதந்திரப் பிரகடனத்தின் கையெழுத்துப் பிரதியில் உயிர், சுதந்திரம், மகிழ்ச்சி மூன்றுக்கும் கேப்பிடல். மகிழ்ச்சியைத் 'தேடுதல்' என்ற சொல்லுக்கு மட்டும் சின்ன எழுத்து. 1787 அரசியல் சட்டத்தின் முகவுரையில் 'நலன்' பெரிய எழுத்து, 'பாதுகாப்பு' சின்ன எழுத்து. காரணம் தேடிப் பிரயோஜனம் இல்லை. அன்றைய எழுத்துப் பழக்கம் அப்படி.

ஐரோப்பாவில் இந்த வழக்கம் மொத்தமாகச் செத்துவிடவில்லை. ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கேப்பிடல்தான். டென்மார்க்காரர்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1948ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்து விட்டுவிட்டார்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷில் கிழமைக்கும் மாதத்துக்கும் சின்ன எழுத்து. ஆங்கிலத்தில் திங்கட்கிழமைக்குக் கேப்பிடல் உண்டு, கோடைகாலத்துக்குக் கிடையாது. 'நான்' என்பதற்கான ஒற்றை எழுத்துச் சொல்லுக்குக் கேப்பிடல் போடுவதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு 'நான்' என்கிற அகம்பாவம் என்று நம் ஊரில் மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விஷயம் அதுவல்ல. பழைய ஆங்கிலத்தில் அது இரண்டு எழுத்துச் சொல். தேய்ந்து ஒற்றைக் கோடாக ஆனபின், பக்கத்துச் சொற்களுக்கு நடுவில் கண்ணில் படாமல் தொலைந்து போனது. அதனால் நீட்டி எழுத ஆரம்பித்தார்கள். அச்சு வந்ததும் அது அப்படியே நின்றுவிட்டது.

இவ்வளவையும் மகளுக்குச் சொன்னேனா என்றால், இல்லை. அவளுக்குச் சொன்னது நாலே விஷயம். வாக்கியத்தின் முதல் எழுத்து. ஒரே ஒருவருக்கு அல்லது ஒரே ஒன்றுக்கு வைத்த பெயர். ஆறு என்றால் சின்னது, காவிரி ஆறு என்றால் இரண்டு சொல்லும் பெரியது. 'என் அம்மா' என்றால் அம்மாவுக்குச் சின்னது, பெயர் மாதிரியே 'அம்மா' என்று கூப்பிட்டால் பெரியது. ஊரிலிருந்தும் நாட்டிலிருந்தும் வரும் சொற்களுக்கும் உண்டு, இந்தியர், தமிழ், மராத்தி எல்லாம் பெரிய எழுத்து. நாலாம் வகுப்புக்கு இது போதும்.

ஆனால் ஒரு பெயர் எப்போதும் பெயராகவே இருந்துவிடுவதில்லை. ரொம்பப் புழங்கிப் புழங்கிப் பொதுச்சொல்லாக ஆகிவிடும். ஆனதும் ஆங்கிலம் அதன் கேப்பிடலைப் பிடுங்கிவிடும். சாண்ட்விச் ஒரு பிரபுவின் பட்டப்பெயர். 1880ல் அயர்லாந்தின் குத்தகை விவசாயிகள் ஒதுக்கிவைத்த ஒரு பண்ணை ஏஜென்ட்டின் குடும்பப்பெயர்தான் பாய்காட். ஆஸ்பிரின் 1899ல் பேயர் கம்பெனி பதிவு செய்த வணிகப்பெயர். நியூட்டன், வாட், ஆம்பியர் போன்ற விஞ்ஞானிகளின் பெயர்களை அளவுகளாக முழுச் சொல்லில் எழுதும்போது சின்ன எழுத்துத்தான், சுருக்கக் குறியீட்டுக்குத்தான் பெரிய எழுத்து. ('ஜெராக்ஸ் எடுத்துட்டு வா' என்கிறோமே, அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு வரும் வயிற்றெரிச்சல் இந்த வகைதான்.)

நம் நாட்டுப் பெயர்களும் இப்படிப் போயிருக்கின்றன. கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய துணி 'காலிகோ' ஆனது. காஷ்மீர் ஒரு கம்பளியாகவும், ஜோத்பூர் குதிரையேறுபவர்களின் கால்சட்டையாகவும், மெட்ராஸ் கட்டம் போட்ட துணியாகவும் சின்ன எழுத்தில் அகராதிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. புரி ஜகந்நாதரின் பெயர் 'ஜகர்நாட்' என்றாகி, எதிர்ப்பட்டதை எல்லாம் நசுக்கிக்கொண்டு போகும் ராட்சத சக்தி என்ற பொருளில் வழங்குகிறது. தேரைப் பார்த்துவிட்டுப் போன ஐரோப்பியர்கள் எழுதிய கதைகளின் விளைவு.

துணிக்கும் கால்சட்டைக்கும் பெயர் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர்களின் பெயருக்கு இது நடந்தால்?

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்தச் சண்டையை ஒரே ஒரு எழுத்துக்காக நூறு வருடத்துக்கும் மேலாகப் போட்டிருக்கிறார்கள். அவர்களை அன்று குறித்த சொல் 'நீக்ரோ'. ஐரிஷ்காரருக்கும் இத்தாலியருக்கும் கேப்பிடல் போட்ட பத்திரிகைகள் இதைச் சின்ன எழுத்தில்தான் அச்சடித்தன. அதாவது அது ஒரு மக்களின் பெயர் இல்லை, ஒரு நிறம், ஒரு ரகம். டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் என்ற அறிஞர் 1899ல் ஃபிலடெல்ஃபியா நகரத்துக் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய ஆய்வுநூலில் ஒரு அடிக்குறிப்பு வைத்தார். இந்தப் புத்தகம் முழுக்க இந்தச் சொல்லுக்குக் கேப்பிடல் போடப்போகிறேன், ஏனென்றால் எண்பது லட்சம் அமெரிக்கர்களுக்கு ஒரு கேப்பிடல் எழுத்துப் பெறும் உரிமை இருக்கிறது என்ற அர்த்தத்தில். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் 1926ல் முடியாது என்றது. 1930 மார்ச்சில் மனம் மாறி, இனிமேல் கேப்பிடல்தான் என்று தலையங்கமே எழுதியது. அந்தச் சொல்லே பின்னால் வழக்கொழிந்து, 'கறுப்பர்' என்ற பொருள்படும் சொல் வந்தது. அது நிறத்தின் பெயர்தானே என்று மறுபடி சின்ன எழுத்து. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே செத்துப்போன பிறகு, அடுத்த மாதமே அசோசியேட்டட் பிரஸ் நிறுவனமும் நியூயார்க் டைம்ஸும் அதற்கும் கேப்பிடல் என்று முடிவெடுத்தன.

ஒரு எழுத்தால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். எழுத்து மாறியதால் யாருக்கும் வீடோ வேலையோ கிடைக்கவில்லை. ஆனால் அது ஒன்றுமில்லாத விஷயம் என்றால், தராமல் இருக்க அத்தனை வருடம் பிடிவாதம் பிடித்திருக்க மாட்டார்கள் இல்லையா?

இப்போது மகளின் மூன்றாவது கேள்வி.

வீட்டுப்பாடம் முடிந்ததும் கையில் சிக்கிய ஆங்கிலப் பேப்பரில் கேப்பிடல் எழுத்துகளைத் தேடி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். உலகச் செய்திப் பக்கத்தில், மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைப் பற்றிய செய்தி. அதில் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டி, "அப்பா, ப-ரை-யான்னா என்ன? இது பேர் மாதிரி இருக்கே. ஏன் சின்ன எழுத்து?" என்றாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 'தீண்டத்தகாதவன், எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்' என்று ஆங்கில அகராதிகள் பொருள் சொல்லும் இந்தச் சொல் தமிழ்நாட்டிலிருந்து போனது. பறையர் என்ற மக்களின் பெயர்தான் அது. அந்தப் பெயருக்கு வயது கிட்டத்தட்ட இரண்டாயிரம். புறநானூற்றில் மாங்குடி கிழார் நாலு குடிகளைப் பெயர் சொல்லிப் பெருமையாக அடுக்கும் பாட்டில் அதுவும் ஒன்று. பறை என்ற தோற்கருவியோடு அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

16ஆம் நூற்றாண்டில் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர்களின் குறிப்புகளில் அது ஏறியது. 17ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. அதுவரைக்கும் அது ஒரு சமூகத்தின் பெயர்தான். 1790களின் தொடக்கத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் டி செயின்ட்-பியர், ஊருக்கு வெளியே குடிசையில் வாழும் இந்த இனத்து மனிதர் ஒருவரை ஞானியாக வைத்து ஒரு கதை எழுதினார். 1821ல் பாரிஸில் இதே பெயரில் ஒரு நாடகம் வந்தது. ஐரோப்பாவின் எழுத்தாளர்களுக்கு, சமூகம் தள்ளிவைத்த எந்த மனிதனுக்கும் பொருந்துகிற ஒரு உவமை கிடைத்துவிட்டது. அனுதாபத்தோடுதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எடுத்துக்கொண்டதும் அது தமிழ்நாட்டில் நிலத்தில் உழைத்துக்கொண்டிருந்த உயிருள்ள மனிதர்களின் பெயர் என்பது மறந்து போயிற்று. பெரிய எழுத்தும் போயிற்று. 1886ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியே, இந்தப் பெயரைச் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர் என்ற பொருளில் வழங்குவது தவறு என்று எழுதிவைத்தது. எழுதிவைத்து என்ன? இன்னும் தலைப்புச் செய்தியில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893ல் சென்னையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எதைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ அதையே முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார். ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்து செய்கிற வேலையை அவர் தமிழில் தலைப்பை வைத்துச் செய்தார் என்று எனக்குத் தோன்றும். (1930ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு போய் உட்கார்ந்தவர் இவர்தான்.) அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழி எடுத்தார். அந்தப் பெயரே நமக்குப் பிறர் சூட்டியது, நாம் பூர்வத் தமிழர் என்றார். 1922ல் எம். சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசாங்க ஆவணங்களில் பழைய பெயர்களுக்குப் பதில் ஆதி திராவிடர் என்று எழுத வைத்தார். வழி வேறாக இருந்தாலும் கேட்டது ஒன்றுதான். எங்கள் பெயர் என்ன என்பதை நாங்கள் சொல்கிறோம்.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது நியாயம் இல்லை. அந்தப் பெயரை வசவாக ஆக்கும் வேலையைப் போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே நாம் செய்துவிட்டோம். இன்றும் செய்கிறவர்கள் உண்டு. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்து, பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வைவது குற்றம் என்று 2015 திருத்தத்தில் வெளிப்படையாகவே எழுத வேண்டியிருந்தது.

தமிழில் கேப்பிடல் எழுத்து இல்லை என்று மகளிடம் சொன்னேன் அல்லவா? யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை. ஆங்கிலத்தில் கௌரவம் சொல்லின் முதல் எழுத்தில் இருக்கிறது. தமிழில் அது கடைசி எழுத்தில் இருக்கிறது. 'ன்' போட்டால் சின்ன எழுத்து. 'ர்' போட்டால் பெரிய எழுத்து. வந்தான், வந்தார். அவன், அவர்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் வயல் வேலைக்கு ஒரு பெரியவர் வருவார். தாத்தா வயது இருக்கும். தலையெல்லாம் நரைத்திருக்கும். கொல்லைப்பக்கம்தான் வந்து நிற்பார். ஏழு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, 'வா', 'போ' என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னைச் 'சின்னய்யா, வாங்க' என்பார். இப்படிக் கூப்பிடு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூப்பிடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசினார்கள், நானும் பேசினேன். ஏழு வயதுப் பையனுக்குப் பெரிய எழுத்து, எழுபது வயதுக்காரருக்குச் சின்ன எழுத்து. வீட்டுப்பாடமே இல்லாமல் கற்றுக்கொண்ட இலக்கணம் அது. அவர் இன்று இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூட ஆள் இல்லை.

நம் அரசியல் சட்டத்தின் ஆங்கில முகவுரையை எடுத்துப் பாருங்கள். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் நாலும் முழுக்க முழுக்கக் கேப்பிடலில் இருக்கும். 'தனிமனித மாண்பு' சின்ன எழுத்தில் இருக்கும். அது சும்மா அச்சுப் பழக்கம்தான், குறை சொல்லவில்லை. அம்பேத்கர் தலைமையிலான குழு எழுதிய அதே சட்டம் பட்டியல் சாதிகளைக் குறிக்கும் இடத்தில் எல்லாம் இரண்டு சொல்லுக்கும் கேப்பிடல் போட்டிருக்கிறது. ஒரே சமயத்தில் சட்டப்பூர்வமான பெயராகவும் உரிமையாகவும் அந்தச் சொல் நிற்கிறது. ஆனால் தனிமனித மாண்பு என்பது எழுத்தில் பெரிதாக்கினால் வந்துவிடாது, நாம் வாயில் பெரிதாக்கினால்தான் வரும் என்று மட்டும் தோன்றுகிறது.

மகளிடம் கடைசியில் என்ன சொன்னேன்?

"அது ஒரு பேர்தான்டா. நம்ம ஊர்க்காரங்க பேர். அவங்களப் பத்திச் சொல்லும்போது இங்கிலீஷ்ல முதல் எழுத்து கேப்பிடல், தமிழ்ல கடைசியில 'ர்'. ஒதுக்கிவெச்ச நாடுன்னு சொல்றதுக்கு வேற எத்தனையோ வார்த்தை இருக்கு. இந்த வார்த்தை நமக்கு வேண்டாம்."

"பேப்பர்ல போட்டிருக்காங்களே?"

"அவங்களுக்குத் தெரியல."

கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலால் அந்தச் சொல்லின் முதல் எழுத்தின் மேல் ஒரு பெரிய எழுத்தை எழுதி வட்டம் போட்டாள். மாமரத்தை அழித்துச் சின்ன எழுத்தில் எழுதிவிட்டு நோட்டை மூடிவைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தாத்தா வீட்டில் வேலைக்கு வருகிறவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன்.